வீதம் பொருந்தாவிட்டால் என்ன

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் நலம். உன் நலமறிய ஆவல். கார்த்திகை மழை விட்டபாடில்லை. உப்புப் போத்தல் நீர்விட்டுக் கட்டிபட்டுக் கிடக்கிறது, அம்மா கரண்டிக் காம்பால் குத்தித்தான் எடுக்கிறார். வேறு புதினம் பெரிதாக இல்லை. பெரியம்மா வீட்டுக் கலியாணம் தையில். அதைப் பற்றி அம்மா எழுதுவார், நான் எழுதப்போவதில்லை.

ஓர் இரசாயனத் தாக்கம் எவ்வளவு வேகமாக நடக்கும் என்று நீ கணினியில் போட்ட கணக்கும் பரிசோதனைக்காரரின் அளவீடும் ஒத்துவரவில்லை என்றாய். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அழைப்பைக் காணவில்லை. வேலை கூட என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நீ அனுப்பிய கட்டுரையைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துப் படித்தேன். குவாண்டம் பகுதி எனக்கு எட்டாது. கடைசி வரைபடம் விளங்கியது. ஆய்வுகூடத்துப் புள்ளிகள் எல்லாம் மேலே, உன் சிவப்புப் புள்ளி மட்டும் கீழே. இதற்காகவா வாயை மூடிக்கொண்டாய்?

உனக்கு இதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். ஆனாலும் கேள். ஓசோன், இரட்டைப் பிணைப்புள்ள ஐதரோகாபனான அற்கீனோடு தாக்கமுறும்போது நடுவில் ஒன்று தோன்றி மறைகிறது என்று செருமானிய இரசாயனவியலாளர் கிரீகி 1949-இல் சொன்னார்; அதைத்தான் கிரீகி இடைநிலை என்கிறோம். 1975-இல் கண்ணை மூடினார். அந்த இடைநிலையின் தாக்கவீதத்தை ஆய்வுகூடத்தில் நேரடியாக அளந்து வெளியிட்டது 2012-இல். கந்தகவீரொட்சைட்டோடு (SO₂) அது நினைத்ததைவிட மிக வேகமாகத் தாக்கமுறுகிறது என்றதும், கணினியில் வளிமண்டல மாதிரி செய்பவர்கள் காற்றில் அதனால் உண்டாகும் சல்பூரிக்கமிலத்தின் கணக்கைத் திருத்தப் புறப்பட்டார்கள். நீராவி என்ன செய்யும்? தனி நீர் மூலக்கூறைவிட இரண்டு சேர்ந்த சோடிதான் வேகமாகத் தாக்கும் என்று உன்னைப் போன்ற கணிப்பாளர்கள் 2004-இலேயே எழுதியிருந்தார்கள். தாய்வானில் அதை அளந்து காட்டியது 2015-இல். மிக எளிய கிரீகி இடைநிலையின் பெரும்பங்கை அந்தச் சோடியே தின்றுவிடுகிறது. நம் ஊர் மாரிக் காற்றில் கந்தகவீரொட்சைட்டுக்கு என்ன மிஞ்சும்? பதினொரு வருடம், பிள்ளை. அதுவரை அந்தக் கணிப்பாளர்கள் வீட்டாரோடு கதைக்காமலா இருந்தார்கள்?

அந்த இடைநிலையில் ஒட்டியிருக்கும் மீதைல் கூட்டம் (CH₃) எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதே நீரோடான வீதத்தை அடியோடு மாற்றும் என்று, போன முறை வந்தபோது பால்காரனின் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் படம் கீறிக் காட்டினாய். அந்தச் சீட்டு என்னிடம் இருக்கிறது. பரிசோதனைக்காரர்கள் இரண்டு வடிவமும் கலந்ததை அளந்திருக்க, நீ ஒன்றுக்கு மட்டும் கணக்குப் போட்டிருக்கிறாயோ? கிழட்டு வாத்தியாரின் கேள்வி, சிரிக்காதே. ஒருக்கால் பார்.

அளக்க முடியாத தாக்கங்களுக்கு மாதிரிக்காரர்கள் உன் போன்றவர்களின் இலக்கத்தைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். இதைச் சந்தியில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிகிறேன். அவர்கள் திருப்பிக் கேட்பது, "பிள்ளை எப்ப வருகுது?" என்பதுதான். நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். பெற்ற தகப்பனுக்கே தெரியாததை ஊருக்கு எப்படிச் சொல்வது?

இரவில் கணக்கை ஓடவிட்டுவிட்டுப் படு. கணினி விழித்திருக்கட்டும், நீ ஏன் விழித்திருக்க வேண்டும்? நேரத்துக்குச் சாப்பிடு.

ஒடியல்மா, மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை எல்லாம் கட்டி வைத்திருக்கிறோம். வருகிற கிழமை பார்சல் போட வேண்டும். உன் ஒப்பந்தம் மார்கழியோடு முடிவதாக ஒருமுறை சொன்ன ஞாபகம். பழைய முகவரிதானா, வேறா? அதை மட்டுமாவது எழுது.

அன்புடன்,
அப்பா