பிரசங்கம் எங்கே தயாராகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பூசையில் சாமியார் செய்யும் பிரசங்கமான மறையுரையை எப்படி நன்றாக்கலாம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிரசங்கம் தொடங்கியதும் ஆண்கள் பாதிப் பேர் கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விடுவது எங்கள் பங்கிலும் (கோயில் வட்டாரத்திலும்) நடப்பதுதான். சாமியாராகப் படிக்கிறவர்களின் குருமடங்களில் பேச்சுப் பயிற்சியைக் கூட்டலாம், திரையில் படம் காட்டலாம் என்று கட்டுரையாளர் சொல்வதெல்லாம் சரி. எட்டு நிமிடத்துக்கு மேல் மறையுரை போகக்கூடாது என்று போப் பிரான்சிஸ் 2024-இல் சொன்னதையும் சேர்த்திருந்தால் முழங்கால் வலிக்காரர்கள் நாங்கள் இன்னும் சந்தோஷப்பட்டிருப்போம். ஆனால் கட்டுரையில் ஒரு புனிதர்கூட வரவில்லையே என்பதுதான் என் குறை. புனிதர்களைக் கொடியேற்றத்துக்கும் சப்பரத்துக்கும் என்று ஒதுக்கிவிட்டோமோ?

பிரெஞ்சுக் குருவான புனித வின்சென்ட் தே பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். 1617 ஜனவரியில், வட பிரான்சில் ஒரு கிராமத்தில் சாகக்கிடந்த விவசாயி ஒருவருக்குப் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) கேட்கப் போனார். ஊரே நல்லவர் என்று சொன்ன மனிதர் அவர். வெட்கப்பட்டுப் பல ஆண்டுகளாக மறைத்து வைத்திருந்த பாவங்களை அன்றைக்குத்தான் வெளியே சொன்னார். அந்த நிலத்துக்குச் சொந்தக்காரரான கோந்தி குடும்பத்துப் பெருமாட்டி இதைக் கேள்விப்பட்டு ஆடிப்போனார். இவருக்கே இந்த நிலை என்றால் மற்றவர்கள் கதி என்ன என்று, வின்சென்டைப் பிரசங்கம் செய்யச் சொன்னார். ஜனவரி 25 அன்று ஃபோல்வில் கோயிலில் நல்ல பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று எளிமையாகப் பேசினார். வந்த கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல், அமியேனிலிருந்த இயேசு சபைக் குருக்களைத் துணைக்குக் கூப்பிட வேண்டியிருந்தது. அலங்காரப் பேச்சுக்குக் கைதட்டு வாங்கிய காலம் அது. இவருக்குப் பிரசங்கத்துக்கான பொருள் கிடைத்ததோ ஒரு குடியானவரின் படுக்கை ஓரத்தில்.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஷத்தியோன் என்ற ஊரில் பங்குத்தந்தையாக இருந்தார். ஞாயிறு பூசைக்கு உடுப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் எல்லோரும் நோயாகக் கிடக்கிறார்கள், பார்க்க ஆளில்லை என்று சேதி வந்தது. பிரசங்கத்தில் அதைச் சொன்னார். மதியத்துக்கு மேல் அவரே கிளம்பிப் போனால், வழியெல்லாம் அந்த வீட்டுக்குப் போகிறவர்களும் வருகிறவர்களுமாகப் பெண்கள் கூட்டம்!

இன்றைய சாமியார் யாராக இருந்தாலும் அதோடு மகிழ்ந்துபோய்த் திரும்பியிருப்பார். வின்சென்டுக்கு வேறு கவலை. இன்று வந்து குவிகிற சாப்பாடு இரண்டு நாளில் கெட்டுப்போகும், நாலாம் நாள் யார் வருவார்கள்? உடனே அந்தப் பெண்களைக் கூட்டி முறை போட்டார், ஒரு நாளைக்கு ஒருவர் என்று. அவர் எழுதிய ஒழுங்குமுறை இன்றும் இருக்கிறது. நோயாளியிடம் முகமலர்ச்சியோடு பேச வேண்டும், துண்டு விரித்துப் பரிமாற வேண்டும். அதில் ஒரு வரியை நான் பல முறை படித்திருக்கிறேன்: துணைக்கு ஆள் உள்ள நோயாளிகளை முதலில் முடித்துவிட்டுத் தனியாக இருப்பவர்களிடம் கடைசியாகப் போ, அப்போதுதான் அவர்களோடு கூடுதல் நேரம் இருக்கலாம். பேச்சுப் பயிற்சியில் இந்த வரி கிடைக்காது.

1833-இல் பாரீசில், பின்னாளில் அருளாளர் பட்டம் பெற்ற ஓசானாம் என்ற 20 வயது மாணவரும் நண்பர்களும் ஒரு சபையைத் தொடங்கி, பிறகு வின்சென்டின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். நம் பங்குகளில் வாராவாரம் கூடிக் காணிக்கைப் பை சுற்றுகிறார்களே, அந்தச் சபைதான். நானும் அதில் ஓர் உறுப்பினன்.

போன வருடம் எங்களோடு வீடு சந்திக்க இளம் உதவிப் பங்குத்தந்தை ஒருவர் வந்தார். தனியாக இருக்கும் ஒரு பாட்டி வீடு. அரிசி வேண்டுமா என்று கேட்டோம். "அரிசி கடையில இருக்குய்யா, என் கைரேகைதான் மிஷின்ல விழமாட்டேங்குது" என்றார். நாலு தடவை ரேஷன் கடைக்கு நடந்து திரும்பியிருக்கிறார். அடுத்த ஞாயிறு சாமியார் மேடையில் நின்று அதை மட்டும் சொன்னார், மொத்தம் ஆறு நிமிடம் இருக்கும். வேப்பமரத்தடிக்காரர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பூசை முடிந்ததும் இரண்டு பையன்கள் வந்து, கடைக்கு நாங்கள் கூட்டிப்போகிறோம் என்றார்கள்.

ஆனால் ஷத்தியோனில் வின்சென்ட் பயந்தது எங்கள் ஊரிலும் நடந்தது. மூன்றாம் வாரம் யாரும் போகவில்லை. அப்புறம்தான் ஒரு நோட்டு வாங்கி, கிழமை போட்டுப் பெயர் எழுதினோம். இப்போது ஆறு பேர் முறை வைத்துப் போகிறார்கள். வியாழக்கிழமைக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தூத்துக்குடி மாவட்டம்