பழைய சர்வரை இப்போதைக்கு நிறுத்தாதீர்கள்

டர்பனில் உள்ள நம் தமிழ் அமைப்பின் நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

மாதக் கடைசியில் பழைய மெயில் சர்வரை நிறுத்தப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். தயவுசெய்து தள்ளிவையுங்கள். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் கிளைகள் புதிய சர்வருக்கு மாறிவிட்டன. பீட்டர்மாரிட்ஸ்பர்க் கிளையும் தமிழ் வகுப்பு ஆசிரியர்களும் இன்னும் பழையதில்தான் இருக்கிறார்கள். மடல்கள் தொலைவது இந்த இரண்டு சர்வர்களுக்கும் நடுவில்.

ஆசிரியர்களின் முகவரியைப் பெற்றோர் தப்பாக அடிக்கிறார்கள் என்கிறது உங்கள் சுற்றறிக்கை. அது நியாயமில்லை. திரும்பிவந்த மடல்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முகவரி சரியாகவே இருக்கிறது. 550 என்ற மறுப்பு எண்ணோடு, அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று மறுத்தது புதிய சர்வர். நமக்கு வரும் மடல் எந்த சர்வருக்குப் போகவேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு இப்போது புதியதைத்தான் காட்டுகிறது. நம் டொமைன் (முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்) முழுவதற்கும் தானே பொறுப்பு என்று அதில் அமைத்திருப்பதால், தன்னிடம் பெட்டி இல்லாதவர் பழைய சர்வரில் இருக்கிறாரா என்று அது பார்ப்பதே இல்லை. பேச்சுப் போட்டிக்குப் பிள்ளையின் பெயரைக் கொடுத்த தாய், தமிழ் வகுப்பே தன்னை ஒதுக்கிவிட்டதாக நினைக்கிறார். எனக்கு மனம் ஆறவில்லை.

நம் சர்வர்களில் ஓடும் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளில் இதற்கு வழி இருக்கிறது. இடமாற்றம் முடியும்வரை புதிய சர்வரில் டொமைனை 'இன்டர்னல் ரிலே' (தன்னிடம் இல்லாதவரின் மடலை வேறு சர்வருக்குத் தள்ளிவிடும் அமைப்பு) என்று மாற்றி, பழைய சர்வரை நோக்கி ஒரு சென்ட் கனெக்டர், அதாவது மடல் அனுப்பும் வழி, போட வேண்டும். தெரியாத பெயர்களை அது அங்கே அனுப்பிவிடும். ஆனால் பழைய சர்வரும் தெரியாத பெயர்களைப் புதியதற்கே திருப்பினால், மடல் இரண்டுக்கும் இடையே சுற்றிச் சுற்றிக் கடைசியில் லூப் என்று விழும். ஆகவே பழையதே கடைசிப் பொறுப்பாக இருக்கட்டும். மாறிப்போனவர்களுக்கு மட்டும் அதில் ஃபார்வர்டிங் போதும்.

எதிர்த்திசையில் கோளாறு வேறு. பழையதிலிருந்து புதியதற்குப் போகும் மடல் உடனே திரும்புவதில்லை, க்யூவில், அதாவது காத்திருப்பு வரிசையில், நிற்கிறது. எதிர் சர்வரிடமிருந்து 5-இல் தொடங்கும் எண் வந்தால் மறுப்பு. 4-இல் தொடங்கினால் பிறகு பார்க்கலாம் என்று பொருள். எக்ஸ்சேஞ்ச் வழக்கமாக 2 நாள் முயன்ற பிறகே கைவிடும். வெள்ளி மாலை அனுப்பியவருக்கு, மடல் சேரவே இல்லை என்பது ஞாயிறு மாலைதான் உறுதியாகும். பொறுப்பாளர் அனுமதியோடு பழைய சர்வரிலிருந்து புதியதன் 25ஆம் போர்ட்டுக்கு (மடல் வாங்கும் வாசல்) டெல்நெட் என்ற கருவியால் இணைந்து பார்த்தேன். வரவேற்பு எண்ணான 220-க்கு அடுத்து வரவேண்டிய சர்வர் பெயருக்குப் பதில் வெறும் நட்சத்திரக் குறிகள். நடுவில் உள்ள பாதுகாப்புச் சுவரான ஃபயர்வாலின் எஸ்எம்டிபி (மடல் அனுப்பும் நெறிமுறை) சோதனைதான் அப்படி மாற்றும்; டிஎல்எஸ் மறையாக்கத்தைத் தொடங்கும் ஸ்டார்ட்டிஎல்எஸ் கட்டளையையும் அது மறைத்துவிடும். புதிய சர்வரில் மடல் வாங்கும் கனெக்டரோ டிஎல்எஸ் இல்லாமல் வாங்காது. அந்தச் சோதனையை இந்த இரண்டு சர்வர்களுக்கு இடையில் மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.

அப்புறம், நம் பெயரில் மடல் அனுப்பலாம் என்று சர்வர்களைப் பட்டியலிடும் எஸ்பிஎஃப் பதிவில் பழைய சர்வரின் ஐபி முகவரியும் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஆசிரியர்களின் மடல் பெற்றோரின் ஸ்பாமில் போய் விழும்.

புரட்டாசி நெருங்குகிறது, கோயில்களோடு மண்டபத்துக்கும் அன்னதானத்துக்கும் எழுதிக்கொள்ளும் காலம். இரண்டு திசையிலும் மடல் போய்ச் சேர்ந்து, ஒரு வாரம் க்யூ காலியாக இருந்த பிறகு தேதி குறிக்கலாம். சோதனைக்கு எங்கள் சாட்ஸ்வர்த் கிளைப் பெட்டியைத் தருகிறோம். சனிக்கிழமைகளில் உடன் உட்கார நானும் வருகிறேன். பெற்றோரைக் குறைசொன்ன அந்தச் சுற்றறிக்கையை மட்டும் இந்த வாரமே திரும்பப் பெறுங்கள்.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த் கிளைத் தொண்டர் ஒருவர்