கூச்சப்படாமல் போய் எடு, மகன்

அன்பு மகன்,

மாதக் கடைசியில் ஒருவேளைதான் சாப்பிடுகிறேன் என்று நேற்றுச் சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்கு இரவு முழுக்க நித்திரை இல்லை. உன் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்திலேயே மாணவர்களுக்கு உணவு வங்கி, அதாவது சாப்பாட்டுச் சாமான்களை இலவசமாகக் கொடுக்கிற இடம், இருக்கிறது. 1991இல் தொடங்கியது, கனடாவில் பல்கலைக்கழகம் ஒன்றுக்குள் வந்த முதலாவது. "அது கஷ்டப்பட்டவர்களுக்குத்தான், அம்மா" என்கிறாய். நீ படுவது என்ன?

நான் சனிக்கிழமைகளில் இங்கே ஸ்காபரோவில் தொண்டுக்குப் போகிற உணவு வங்கியைப் பற்றிச் சொல்கிறேன், கேள். காலையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து பெட்டிகளை உடைத்து, திகதி பார்த்துப் பிரிப்போம். டின் கடலை, டின் மீன் எல்லாம் திகதி கொஞ்சம் கடந்தாலும் பழுதாகாது. குழந்தைப் பால்மா கடந்தால் உடனே குப்பைக்கு. உப்பிய டின்னும் அப்படித்தான்.

முன்பு நாங்களே பையில் கட்டிக் கொடுத்தோம். முக்காடிட்ட ஒரு தாய், பன்றி இறைச்சி டின்னைச் சத்தமில்லாமல் வாசலில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கடை மாதிரித் தட்டுகளில் அடுக்கிவிட்டோம். வருகிறவர்கள் தாங்களே பார்த்து எடுக்கிறார்கள். அரிசியும் பருப்பும்தான் முதலில் முடியும். வேலை உடுப்போடு நேரே வருகிறவர்கள் இருக்கிறார்கள், உன் வயதுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைக் காணும்போது உன் நினைவுதான்.

1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் சண்டை வந்து, வலிகாமத்தை விட்டுச் சாவகச்சேரிக்கு நடந்தபோது எனக்கு 19 வயது. நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றேன். அளந்து போட்டவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. அந்த அரிசியில்தான் உயிர் பிழைத்தோம், ஆனாலும் அது இன்னும் வலிக்கிறது. அதனால்தான் இங்கே வாசலில் நிற்கிற வேலையைக் கேட்டு வாங்கினேன். ஒவ்வொருவரையும் "வாங்கோ" என்று முகம் பார்த்துக் கூப்பிடுவேன்.

நீ இருக்கிற எட்மன்டனில்தான் 1981இல் கனடாவின் முதல் உணவு வங்கி தொடங்கியது. கொஞ்ச நாளைக்கு என்றுதான் நினைத்தார்கள். இன்னும் மூட முடியவில்லை. வாடகையும் சாமான் விலையும் இப்படி ஏறினால் அது உன் பிழையா, சொல்லு?

சரி, இந்தக் கிழமையே போ. பருப்புக் கிடைத்தால் வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்துப் போடு. என்ன எடுத்தாய் என்று இரவு எனக்குக் கோல் எடுத்துச் சொல்லு.

அம்மா