உயிலை மூடுங்கள், ஓட்டுப்பெட்டியைத் திறங்கள்: போனபார்ட் கட்சிப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இளவரசர் நெப்போலியன் அவர்களுக்கும், அவருடைய மகன் விக்டரின் பின்னால் அணி சேர்ந்த பெரியவர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்து நூறு ஆண்டுக்கு மேலாகிறது. மடல் தாமதம்தான், மன்னியுங்கள். போன ஞாயிறு நண்பர் வீட்டில், பிரான்சில் நெப்போலியன் குடும்பத்து ஆட்சியைத் திரும்பக் கொண்டுவர நினைத்த உங்கள் கட்சியின் பக்கம் பேச்சு திரும்பியது. “சூலுலாந்தில் சேணத்து வார் மட்டும் அறுந்திருக்காவிட்டால் அந்தப் பிள்ளை பிரான்சை ஆண்டிருப்பான்” என்று ஒருவர் உச்சுக் கொட்டினார். எத்தனையாவது தடவையாகக் கேட்கிறேனோ தெரியவில்லை. 1879 ஜூன் 1 அன்று தென்னாப்பிரிக்கப் போர்க்களத்தில் வார் அறுந்ததும் உண்மை, பிரான்சின் கடைசிச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனின் ஒரே மகன் 23 வயதில் ஈட்டிக் காயங்களோடு கிடந்ததும் உண்மை. ஆனால் கட்சி அறுந்தது அங்கே இல்லை ஐயா.

அந்தப் பிள்ளை எழுதி வைத்த உயிலைப் பிரித்தீர்கள். சித்தப்பா முறையான உங்களைத் தாண்டி, உங்கள் மூத்த மகனுக்கு வாரிசுப் பட்டம் போயிருந்தது. விக்டருக்கு அப்போது 16 வயது. உங்களுக்கு வலித்திருக்கும், மறுக்கவில்லை. காசான்யாக் போன்ற கட்சிக்காரர்கள் பையனைத் தூக்கிப் பிடிக்க, நீங்கள் விட்டுக்கொடுக்க மறுக்க, அப்பா கோஷ்டி, மகன் கோஷ்டி என்று கட்சி இரண்டாகக் கிழிந்தது.

நாடாளுமன்றத்தில் உங்கள் அணியின் பெயரே ‘மக்களிடம் முறையீடு’. 1848-இல் 54 லட்சம் ஓட்டு வாங்கி ஜனாதிபதியான குடும்பம். 1870 மே மாதப் பொதுவாக்கெடுப்பில்கூட 73 லட்சம் பேர் ‘ஆம்’ என்று சீட்டுப் போட்டார்கள். நான்கே மாதத்தில் செடான் போரில் தோற்று எல்லாம் போயிற்று. அப்படியும் 1877 தேர்தலில் உங்களுக்கு நூறு இடத்துக்கு மேல் கொடுத்தார்கள். அந்த மக்களிடம், “எங்களில் யார் வேண்டும்?” என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?

அஜாக்சியோ வாக்காளரை நினைத்துப் பாருங்கள். முதல் நெப்போலியன் பிறந்த ஊர். சுவரில் சக்கரவர்த்தி படம் மாட்டியிருப்பவர். 1876-இல் அவர் முன்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் ரூஏர், கட்சியின் தலைவர். இன்னொருவர் நீங்கள், அதே ரத்தம். இங்கிலாந்தில் அடைக்கலம் இருந்த அந்த இளவரசப் பிள்ளையோ, “சித்தப்பாவுக்குப் போடாதீர்கள்” என்கிறார். அப்புறம் இடைத்தேர்தலில் நீங்கள் ஜெயித்து, நேரே போய்க் குடியரசுக்காரர்களோடு உட்கார்ந்தீர்கள். மறு ஆண்டே உங்களைத் தோற்கடிக்க, பாரீசை இடித்துக் கட்டிய ஓஸ்மானைக் கட்சி இறக்கியது. அவர் ஜெயித்தார். ஒரு படத்துக்கு விசுவாசமாக இருக்க நினைத்த மனிதர் யாருக்குத்தான் போடுவார்? 1881-இல் உங்கள் இடங்கள் பாதிக்கும் கீழே இறங்கியதில் என்ன ஆச்சரியம்?

அதனால் கேட்பது ஒன்றே ஒன்று. உயிலை மூடுங்கள். நாட்டின் ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று, அப்பாவும் மகனும் ஒரே குரலில் கேளுங்கள். 1875 ஏற்பாட்டில் அந்த உரிமை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிடம் போய்விட்டது. உங்களைத் தவிர வேறு யார் அதைத் திருப்பிக் கேட்க முடியும்?

நீங்கள் கேட்கவே இல்லை என்று சொல்லவில்லை. 1883 ஜனவரியில் பாரீஸ் சுவர்களில் போஸ்டர் ஒட்டினீர்கள். தனியாக ஒட்டினீர்கள், கைதானீர்கள். 1884-இல், ஆண்ட குடும்பத்தார் யாரும் ஜனாதிபதியாக முடியாது என்று அரசியலமைப்பையே திருத்தினார்கள். 1886-இல் உங்களையும் விக்டரையும் நாடு கடத்தினார்கள். நாடு கடத்திய பிறகாவது அப்பனும் பிள்ளையும் பேசிக்கொள்வீர்கள் என்று பார்த்தால், 1891-இல் ரோமில் இறந்தபோது உங்கள் உயிலும் விக்டரை ஒதுக்கிவிட்டுத் தம்பி லூயியைக் கைகாட்டியது! குடும்ப வழக்கம் போலும். 1997-இல் உங்கள் பேரனும் தன் மகனைத் தாண்டித் தன் பேரனுக்குத்தான் எழுதிவைத்தார்.

நீங்களாவது பரவாயில்லை. பழைய அரச வம்சமான பூர்போன் வீட்டுப் பெரியவர் 1873-இல் கைக்கெட்டிய அரியணையை, கொடி வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லியே தொலைத்தார். மூவர்ணக் கொடி உங்கள் வீட்டில் பிரச்சினையே இல்லை. பெரிய வெள்ளிக்கிழமையன்று நீங்கள் விருந்தில் இறைச்சி சாப்பிட்டதுதான் பிரச்சினை! கத்தோலிக்கத் தொண்டர்கள் அதைச் சாகும்வரை மறக்கவில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘மக்களிடம் முறையீடு’ என்ற உங்கள் சொத்தை யார் எடுத்துக்கொண்டார் தெரியுமா? முதலில் பூலான்ஜே என்ற தளபதி. 1888 தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தில் உங்கள் வீட்டுக்கே ரகசியமாக வந்து போனாரே, அவர்தான். அடுத்த ஆண்டே ஓடிப்போனார். பிறகு ஜனாதிபதி தெ கோல். 1962 அக்டோபரில் மக்களிடம் வாக்கெடுப்பு வைத்தார். நூற்றுக்கு 62 பேர் ஆம் என்றார்கள். ஜனாதிபதியை மக்களே தேர்ந்தெடுக்கும் முறை வந்துவிட்டது. போனபார்ட் குடும்பத்தில் ஒருவரும் அந்த மேடையில் இல்லை.

தயவுசெய்து, இன்னொரு முறை பணிவாகக் கேட்கிறேன். உயிலில் வாரிசு பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். அஜாக்சியோக்காரர் பூத்தில் நின்றுகொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
வார் கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்த ஒரு வாசகன்