மரநாய்க்குட்டியும் ஃபெரட் குட்டியும் ஒன்றல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாரி மழைக்கு முன்னர் ஓடு மாற்றிக் கூரையைச் செப்பனிடும் வேலை எங்கள் உப்புவெளிப் பக்கத்தில் ஆண்டுதோறும் நடப்பது. சீலிங்குக்கு மேலே குட்டி ஈன்றிருக்கும் மரநாய்கள் அப்போதுதான் அகப்படுகின்றன. தாய் பாய்ந்து ஓடிவிடும்; கண் திறவாத குட்டிகள் வேலையாட்களின் கையில் எஞ்சும். சென்ற ஆண்டு எங்கள் வீட்டிலும் அவ்வாறு இரண்டு குட்டிகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றை எங்கள் அறியாமையால் இழந்தோம். இன்னொரு வீட்டில் அது நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அன்று என் தங்கையின் மகன் கைத்தொலைபேசியில் மரநாய்க்குட்டி வளர்ப்பு என்று தேடியபோது, வெளிநாட்டு வீடுகளில் வளர்க்கப்படும் ஃபெரட் என்னும் பிராணியைப் பற்றிய குறிப்புகள், மரநாய் என்ற பெயரிலேயே தமிழாக்கப்பட்டு அவனுக்குக் கிடைத்தன. படத்தில் நீண்ட உடலும் குட்டைக் கால்களும் கூரிய மூக்கும் தெரிந்தன. இரண்டும் ஒன்றே என்று நாங்களும் நம்பிவிட்டோம்.

ஃபெரட் குட்டி கண் திறக்க ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஆகும் என்றும், கண் திறக்கும் முன்னரே, மூன்றாம் வாரமளவில், அது மென்மையான இறைச்சியைத் தின்னத் தொடங்கும் என்றும் அக்குறிப்பில் இருந்தது. ஃபெரட்டைப் பொறுத்தவரை அது சரியான செய்திதான். ஆனால் மரநாய்க்குட்டி பிறந்து பதினொரு நாள் அளவில் கண் திறந்துவிடும் என்பதால், எங்கள் கையில் இருந்தவை பத்து நாள் கூட நிறையாத பச்சைக் குட்டிகள். அதை அறியாமல், மூன்று வாரக் குட்டி என்று கணக்கிட்டு, அரைத்த கோழியிறைச்சியைப் பசும்பாலில் கரைத்து ஊட்டினோம். வெப்பம் 30 பாகையைத் தாண்டினால் ஃபெரட்டுக்கு ஆபத்து என்று வளர்ந்த பிராணிக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கையையும் குட்டிக்கே பொருத்தி, மின்விசிறியின் கீழ் வைத்தோம். சிறிய குட்டி அன்றிரவே வயிறு ஊதி, உள்ளங்கையில் குளிர்ந்துபோய் இறந்தது. அதன் மூக்கு நுனியில் பால் துளி ஒன்று காய்ந்திருந்ததை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் நாங்கள் நாடிய மிருக வைத்தியர் முதலில் செய்தது உணவு கொடுப்பதன்று. வெந்நீர் நிரப்பிய போத்தலைப் பழைய சாரத்தில் சுற்றி, மற்றக் குட்டியை அதன் அருகே கிடத்தினார். உடல் குளிர்ந்த குட்டிக்கு எந்தப் பாலும் செரிக்காது என்றார். சூடேறிய பிறகு, பூனைக்குட்டிகளுக்கான பால்மாவை இளஞ்சூட்டில் கரைத்து, ஊசியில்லாத சிறிய சிரிஞ்சினால் துளித் துளியாகப் புகட்டினார். குழந்தையைப்போல் மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குட்டி தாய்மடியில் படுப்பதுபோல் வயிறு கீழே இருக்கவேண்டும். ஊட்டியபின் ஈரப் பஞ்சினால் அடிவயிற்றை மெல்லத் தடவினால்தான் சிறுநீர் வெளியேறும், ஏனெனில் அதைத் தாய் நாவினால் செய்துவருகிறது. இரண்டு மூன்று மணிக்கொரு தடவை இரவிலும் இதைச் செய்யவேண்டும் என்று அவர் கூறியபோது, ஒரு தாயின் வேலை எவ்வளவு என்பது எங்களுக்கு விளங்கியது.

ஆயினும் அந்தத் தாயிடமே குட்டியைச் சேர்ப்பதுதான் சிறந்த வழி என்று அவர் சொன்னார். நாயைக் கட்டிவைத்து, வெளி விளக்குகளை அணைத்து, சூட்டுப் போத்தலோடு குட்டியை ஓர் ஆழமற்ற பெட்டியில் இட்டு, அது கிடைத்த இடத்துக்கு நேர் கீழே மதிலோரம் வைத்தோம். நள்ளிரவு கழிந்து குட்டி கீச்சிடத் தொடங்கிய சிறிது நேரத்தில் மாமரத்திலிருந்து தாய் இறங்கிவந்தது. பெட்டியை இருமுறை சுற்றியது. பின்னர் குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு மதில்மேல் ஏறி மறைந்தது. மனித வாடை பட்ட குட்டியைத் தாய் ஏற்காது என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை.

ஃபெரட் நீர்நாயின் உறவு; முயல் வேட்டைக்காக 2000 ஆண்டுகளுக்கு மேலாக மனிதரோடு பழகிய, இறைச்சியை மட்டுமே உண்ணும் வீட்டுப் பிராணி. மரநாயோ புனுகுப்பூனையின் இனம். இரவில் திரிந்து பப்பாளியும் மாம்பழமும் எலியும் தின்னும் காட்டு உயிர். கூண்டில் வைத்து அதைப் பழக்க நினைப்பது தவறு என்றே கருதுகிறேன். தாய் திரும்பாவிட்டால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம். கடியோ கீறலோ பட்டவர்கள் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசிக்காகத் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். கூரை வேலை செய்விப்போர், ஓட்டைக் கழற்றுமுன் டோர்ச் அடித்துப் பார்த்து, குட்டிகள் இருந்தால் அவை தாயோடு வெளியேறும்வரை அந்தப் பகுதியையாவது விட்டுவைக்குமாறு வேண்டுகிறேன்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. சிறுவர் பக்கத்திலோ விஞ்ஞானப் பகுதியிலோ ஃபெரட்டைப் பற்றி எழுத நேர்ந்தால், அதை மரநாய் என்றோ கீரி என்றோ பெயர்மாற்றாமல், ஃபெரட் என்றே அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகி,
உப்புவெளி, திருகோணமலை.