பக்கத்து நாற்காலிக்காரி

அன்புள்ள தங்கைக்கு,

நேற்று இரவு நீ தொலைபேசியில் அழுததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மாதிரித் தேர்வில் 200 வினாவுக்கு 161 சரி என்று நீ சொன்னதும், உன் தோழி “இந்தத் தடவை வினாத்தாள் சுலபம்தான்” என்றாளாம். இதற்கா அழுகை என்று அம்மா கேட்டாள். எனக்குப் புரிந்தது. ஒரு காலத்தில் நானும் அப்படிச் சொன்னவள்தான்.

அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதுகிற அத்தனை பேரும் போட்டியாளர்கள். உன் தோழி உன்னைவிட அதிகம் வாங்க ஆசைப்பட்டால் அதில் தப்பே இல்லை. நீ குறைவாக வாங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாளா? அதைத்தான் நீ பார்க்க வேண்டும்.

மாவட்ட மைய நூலகத்தில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து படித்தோம். ஒருத்தி தினமும் “நேற்று தலைவலி, புத்தகத்தைத் தொடவே இல்லை” என்பாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் வேறு கதை சொல்லும். என் மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்வாள். தன்னுடையதைச் சொல்ல மாட்டாள். நான் மட்டும் யோக்கியமா? பழைய வினாத்தாள் கட்டு ஒன்று கிடைத்தபோது துப்பட்டாவில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நான்.

மூன்றாமவளுக்கு வாய் நீளம். “தமிழில் 100 வினாவும் உனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதையே படித்து மகிழ்ந்துகொண்டிருக்கிறாய். திறனறிவில் 25 வினாவையும் குருட்டாம்போக்கில் நிரப்புகிறாய்” என்று எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தாள். இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள் வாசல் வேப்பமரத்தடியில் என் நோட்டைப் பிடுங்கி, தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் இரண்டு ஆண்டில் வரும் வித்தியாசத்தைப் பின்னட்டையில் போட்டுக் காட்டினாள். அசலை வட்டி வீதத்தின் வர்க்கத்தால் பெருக்கி 10,000ஆல் வகுக்க வேண்டும்; 8,000 ரூபாய்க்கு 5 சதவீதம் என்றால் 20 ரூபாய். முழுக் கணக்கும் போட்டுத் திணறிக்கொண்டிருந்தவள் நான். அப்படியே திணறட்டும் என்று அவள் விட்டிருக்கலாம்.

முடிவு வந்தது. அவள் எண் இருந்தது, என் எண் இல்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்தாள். கையில் இனிப்பு டப்பா இல்லை. அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, அடுத்த அறிவிப்புக்குள் நான் எதை முடிக்க வேண்டும் என்று பேசினாள். எனக்குப் பொறாமை பொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கும் அது தெரிந்தது. செருப்பு மாட்டும்போது சொன்னாள்: “என்னைத் திட்ட வேண்டும் போலிருந்தால் திட்டிக்கொள். படிப்பை விடாதே.”

உன் தோழியை உடனே வெட்டிவிடு என்று சொல்ல மாட்டேன். “சுலபம்தான்” என்றது ஒரு நாள் வயிற்றெரிச்சலாக இருக்கலாம். ஆனால் ஹால் டிக்கெட் வந்தது தெரிந்தும் நான்கு நாள் உன்னிடம் வாய் திறக்கவில்லை என்றாயே, அது வேறு ரகம். இனி தேர்வாணைய இணையதளத்தை நீயே பார்த்துக்கொள். படிக்கும்போது அவள் பக்கத்தில் உட்காராமல் நாற்காலியையும் மாற்றிக்கொள்.

அந்த வினாத்தாள் கட்டு இன்னும் பரணில்தான் கிடக்கிறது. நாளைக் காலை பஸ்ஸில் அனுப்புகிறேன். யார் கேட்டாலும் நகலெடுத்துக் கொடு. அவள் கேட்டாலும் கொடு.

அன்புடன்,
அக்கா