கால்வாயின் வேரையும் கல்லையும் விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

வெள்ளவத்தைக் கால்வாய் துப்புரவாகும் படமொன்றைக் கடந்த வாரம் உங்கள் பத்திரிகையில் பார்த்தேன். பெக்கோ இயந்திரம் கரையோரப் புல், வேர், சருகு எல்லாவற்றையும் ஒன்றாக வழித்து அள்ளுகிறது. பொலித்தீனும் போத்தலும் போகத்தான் வேண்டும். வேரும் கல்லும் ஏன் போகவேண்டும்?

சென்ற ஒக்டோபரில் வட சுவீடனின் ஊமியோ நகரில் மகள் வீட்டில் இருந்தேன். ஒருநாள் பேத்தி என்னைக் காட்டுக்குள் ஓடும் சிற்றோடைக்குக் கூட்டிப்போனாள். தண்ணீர் பிளேன்டி நிறம். ஊத்தை என்றுதான் நினைத்தேன். சதுப்பு நிலத்தில் உக்கிய இலையும் பாசியும் இறக்கிய சாயம் அது என்று பிறகுதான் விளங்கியது. பிள்ளை ஒரு கல்லைப் புரட்டினாள். அடியில் இரட்டை வாலோடு தட்டையான பூச்சியொன்று ஒட்டிக்கிடந்தது. பக்கத்தில் மணற்பருக்கைகளைப் பட்டுநூலால் ஒட்டிச் செய்த குழல். அதற்குள்ளிருந்து காடிஸ் என்ற பூச்சியின் குடம்பி ஒன்று தலையை நீட்டியது. "அம்மம்மா, இது தானே வீடு கட்டியிருக்கு" என்றாள்.

அந்த ஓடைக்குச் சோறு போடுவது கரை மரங்கள். நிழல் அடர்ந்திருப்பதால் நீருக்குள் பச்சை அதிகம் வளராது. உதிரும் பேர்ச் இலையும் ஆல்டர் இலையுந்தான் உணவு. முதலில் பூஞ்சணம் இலையை மெதுவாக்கும். பிறகு இந்தப் பூச்சிகள் கடித்துத் துண்டாக்கும். சிந்தும் துகளைக் கீழ்நீரில் இருப்பவை வடித்துத் தின்னும். மேலே பனிக்கட்டி மூடிய மாதங்களிலும் அடியில் இந்த வேலை நடக்கிறது. ட்ரவுட் மீன் வளர்வது இவற்றைத் தின்றுதான்.

அங்கேயும் ஒருகாலத்தில் ஓடைகளைத் 'துப்புரவாக்கினார்கள்'. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து, வெட்டிய மரங்களைத் தடையில்லாமல் மிதக்கவிடுவதற்காகப் பாறைகளை அகற்றினார்கள், வெடிவைத்தும் தகர்த்தார்கள். இலை தங்க இடமில்லாமல் போயிற்று. பின்லாந்தில் காடு வளர்க்கச் சதுப்புகளில் வெட்டிய வாய்க்கால்கள் மண்ணை இறக்கிக் கற்களின் இடுக்கை அடைத்தன. இப்போது சுவீடனில் விண்டெல் ஆற்றின் கிளை ஓடைகளில் அதே பாறைகளைத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் கல்லின்மேல் பாசி பிடிக்கவே ஆண்டுகள் ஆகின்றன. எடுப்பது ஒரு நாள் வேலை, திரும்ப வருவது அப்படியல்ல.

எங்கள் நீருக்கு இன்னும் கவனம் தேவை. 0 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நன்னீரில் 14 மில்லிகிராமுக்கு மேல் ஒட்சிசன் கரையும். எங்கள் நீர் சூடானது; 30 பாகையில் 7.5 அளவுதான். அதில் மலசலகூடக் கழிவையும் விட்டு, நிழல்தரும் கரையையும் மொட்டையடித்தால் எது உயிரோடிருக்கும்? 1990களில் என் சாதாரண தர மாணவிகளைக் கிருலப்பனைக் கால்வாய்ப் பக்கம் கூட்டிப்போய், தேநீர் வடியால் வேரோரம் அரித்தால் தும்பிக் குடம்பி, நத்தை, சின்ன இறால் எல்லாம் வெள்ளைப் பேசினுக்குள் துள்ளும். சென்ற மாதம் அதே இடத்தில் அரித்தேன். சிவப்புப் புழு மட்டும். ஈமோகுளோபின் இருப்பதால்தான் அதற்கு அந்த நிறம். ஒட்சிசன் குறைந்த சேற்றிலும் தாக்குப்பிடிக்கும்.

வெள்ளம் வடிய வேண்டாமா என்பார்கள். 2016 மே மாதம் கொலன்னாவையில் என் தங்கை வீட்டில் கட்டிலளவு தண்ணீர் நின்றது. அந்த வேதனை எனக்கும் தெரியும். நடுவில் ஆழப்படுத்தட்டும். ஒரு பக்கக் கரையையாவது வேரோடும் மரத்தோடும் விடட்டும். இயந்திரம் இறங்குமுன்னும், இறங்கி மூன்று மாதம் கழித்தும், நீருக்குள் எந்தெந்த முள்ளந்தண்டிலிகள் இருக்கின்றன என்று எண்ணி அறிவிக்கட்டும். 2018இல் ராம்சார் என்ற உலக ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்று பெயர் வாங்கிய கொழும்புக்கு இது பெரிய செலவில்லை.

எண்ணுவதற்குப் பாடசாலைப் பிள்ளைகள் வந்தால் வடியும் பேசினும் என் வீட்டிலேயே இருக்கின்றன. நானும் வருவேன்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06